சோயா சேராத வீட்டுச் சாஸும் விருந்தின் அமானிதமும்



சோயா சாஸைப் பற்றி மதரஸா ஆசிரியர்களிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். "உஸ்தாத், அதில் மது கலந்திருக்கிறதாமே, சாப்பிடலாமா?" ஆனால் நம்மிடம் ஓதும் ஒரு சிறுவனின் தாயார் கேட்ட கேள்வி வேறு. "பிள்ளைக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது. விருந்துக்குப் போகும் இடத்தில், இதில் சோயா சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகுமா?" என்று அவர் கேட்டார். முதல் கேள்விக்கு விடை தர நூல்கள் உண்டு, ஆலிம்கள் உண்டு. இரண்டாவது கேள்வியை நம் சமுதாயம் இன்னும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

அச்சிறுவனுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வலீமா விருந்தில் காலிஃபிளவர் மஞ்சூரியன் இரண்டு துண்டு தின்றான். அரை மணி நேரத்திற்குள் உதடு தடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு எழுந்தது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். விருந்து வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். "சாஸ் ரெண்டு கரண்டிதானே ஊற்றினோம், அதற்கா இப்படி?" என்று உண்மையாகவே வியந்தார்கள். உறவுக்காரப் பெண்மணிகள் சிலரோ, "பொத்திப் பொத்தி வளர்த்தால் இப்படித்தான்" என்று தாயின்மீதே பழியைப் போட்டார்கள். நோய் பிள்ளைக்கு, ஏச்சு தாய்க்கு.

இதில் நம் கருத்து என்னவென்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். சோயா ஒவ்வாத பிள்ளை இருக்கும் வீட்டில், கடைச் சாஸுக்கு ஈடான ஒன்றை வீட்டிலேயே காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பிள்ளைக்கென்று தனியாக அன்றி, வீட்டார் அனைவருமே உண்ண வேண்டும். விருந்து வைப்பவர்களும் உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது பெருமைக்காகவோ புதுமைக்காகவோ செய்வதன்று. விருந்தாளியின் உயிர் விருந்தளிப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதனால் செய்வது.

"கொஞ்சம்தானே" என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வாமை என்பது அளவு மிகுந்ததால் வரும் அஜீரணம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், சோயாவின் புரதத்தைப் பகையென்று தவறாக எண்ணித் தாக்கும் நிலை அது. எண்ணெய் கூடினால் வயிறு உப்புவதைப் போல அளவுக்குத் தக்கபடி அது கூடிக் குறைவதில்லை. சிலருக்கு ஒரு கரண்டியே போதும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் வெளிப்படும். தொண்டை இறுகினாலோ மூச்சு இழுத்தாலோ பிள்ளை துவண்டாலோ, ஓமத் தண்ணீரும் கைவைத்தியமும் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். புளிக்கவைத்த சோயாவில் அந்தப் புரதம் ஓரளவு சிதைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. ஆகவே, "சாஸ் ஆனபின் சோயா ஏது?" என்று வாதிடுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

அந்தச் சாஸ் உண்டாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், வீட்டில் நாம் எதற்கு ஈடு தேடுகிறோம் என்பது விளங்கும். பழைய முறையில் வேகவைத்த சோயா அவரையையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, அதன்மேல் கோஜி எனப்படும் ஒருவகைப் பூஞ்சையை வளர விடுவார்கள். பின்பு உப்புநீரில் இட்டுப் பல மாதங்கள் ஊறவைப்பார்கள். அந்தக் காலத்தில் புரதம் உடைந்து சுவை பிறக்கும்; மாவுச்சத்து சர்க்கரையாக மாறும்; அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது இயற்கையாகவே சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகும். பிறகு பிழிந்து, வடித்து, சூடாக்கிப் புட்டியில் அடைப்பார்கள். சில தயாரிப்பாளர்கள் கெடாமல் இருப்பதற்காக ஆல்கஹாலைத் தனியாகவும் சேர்ப்பதுண்டு. மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல, மாதக்கணக்கில் ஊறியவை அல்ல. எண்ணெய் எடுத்த சோயாவை அமிலத்தில் வேகவைத்துச் சில நாள்களில் ஆக்கி, நிறமும் இனிப்பும் சேர்த்தவை. இரண்டு வகையிலும் சோயா உண்டு. ஊறவைத்த வகையில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு என்பதைக் கோதுமை ஒவ்வாதவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆல்கஹால் பற்றிய மஸ்அலாவுக்கு இங்கே ஃபத்வா தர நாம் முன்வரவில்லை. தானாக உண்டாகி, போதை தராமல், உணவின் தன்மையிலேயே கரைந்துவிட்ட சிற்றளவுக்கும், வெளியிலிருந்து வேண்டுமென்றே சேர்த்ததற்கும் அறிஞர்கள் வேறுபாடு காண்கிறார்கள். அனுமதிப்போரும் உண்டு, பேணுதலுக்காக ஒதுங்கச் சொல்வோரும் உண்டு. உங்கள் ஜமாஅத்தின் ஆலிமைக் கேட்டு அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். நாம் சுட்ட விரும்புவது இதுதான்: அந்த ஐயம் இருக்கிறது என்பதற்காகப் புட்டியைத் திருப்பிப் பார்க்கும் கண்ணுக்கு, அதே சீட்டில் அடுத்த வரியில் இருக்கும் சோயா தெரியாமல் போவது ஏன்?

உண்மையில் சீட்டைப் படிப்பதில் நம்மைவிடப் பழகிய சமுதாயம் குறைவு. ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, 471 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு எந்த விலங்கினுடையது, 120 என்பது பூச்சியிலிருந்து வரும் சிவப்பு என்றெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதே பழக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுச் சீட்டு விதிகளின்படி, பொட்டலமிட்ட உணவில் சோயா சேர்ந்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருள் என்று தனியே குறிப்பிட வேண்டும். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள் ஆகியவையும் அந்த வரிசையில் உள்ளன. லெசித்தின் என்றோ 322 என்றோ இருந்தால் அது சோயாவிலிருந்து எடுத்ததா, சூரியகாந்தியிலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்ற நீண்ட பெயருக்குப் பின்னாலும் சோயா ஒளிந்திருக்கலாம். சைவக் குருமாவில் மிதக்கும் மீல் மேக்கர் சோயாவேதான் என்பதை அறியாத சமையல்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சீட்டு ஒட்டாத உணவுதான் பெரிய சிக்கல். ஃபாஸ்ட் ஃபுட் கடையின் சிக்கன் ரைஸ், விருந்து மண்டபத்தின் மஞ்சூரியன் (மஞ்சூரியாவில் எவரும் அறியாத, மும்பையில் பிறந்த உணவு அது!), மாலை நேரத்து நூடுல்ஸ் ஆகியவற்றில் சீட்டு ஏது? கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் போட்டிருக்கு பாய்" என்பார்.

சாஸையே விட்டுவிடலாமே, நம் உம்மாமார்களின் சமையலில் அது எங்கே இருந்தது என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சுவை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்த தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவத்தில் உருவான மீ கோரிங்கை இன்றும் அவ்வூர்களில் மாமாக் கடைகளில் தேடிச் சென்று உண்கிறார்கள். கடல் கடந்து போய்வந்த குடும்பங்கள் அந்தச் சுவையை ஊருக்கும் கொண்டு வந்தன. மேலும், வகுப்புத் தோழர்கள் எல்லோரும் உண்பதைத் தான் மட்டும் உண்ண முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, "உனக்கு ரசம் சோறு இருக்கிறது" என்று சொல்வது மருந்தாகாது. விலக்கப்பட்ட பிள்ளை ஒளிந்து உண்ணப் பழகும். அதுவே அதைவிடப் பெரிய ஆபத்து.

கடையில் கிடைக்கும் மாற்றுகளையும் பார்த்துவிடுவோம். சிப்பிச் சாஸ் என்று விற்பதில் பெரும்பாலும் சோயாவும் சேர்ந்தே இருக்கும். அன்றியும், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் சிப்பியை உண்பதில்லை. ஷாஃபிஈக்களுக்கு அந்தத் தடை இல்லை. வூஸ்டர் சாஸ் சில தயாரிப்புகளில் சோயாவோடு வருகிறது. கோகனட் அமினோஸ் என்ற ஒன்று சோயா இல்லாதது என்று சொல்லி அயல்நாட்டிலிருந்து வருகிறது. விலை கேட்டால் மயக்கம் வரும். அது தென்னம்பாளையின் சாற்றைப் புளிக்கவைத்து உப்புச் சேர்த்துச் செய்வது. பாளைச் சாறு புளித்தால் என்னவாகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே வாங்குவது நல்லது. ஓர் ஐயத்திலிருந்து தப்பி இன்னோர் ஐயத்தில் விழுவானேன்?

கரிய, உவர்ப்பான, சோயா இல்லாத ஒரு சாற்றை முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காய்ச்சியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் முர்ரீ. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சையார் அல் வர்ராக் தொகுத்த சமையல் நூலில் குறிப்புக்குக் குறிப்பு முர்ரீ வருகிறது. வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிப் பல நாள்கள் பூஞ்சை பிடிக்க விட்டு, பின் உப்பும் நீரும் சேர்த்து வெயிலில் ஊறவைத்து வடிப்பார்கள். நம் காலத்தில் சார்லஸ் பெர்ரி என்ற உணவு வரலாற்று ஆய்வாளர் அந்தக் குறிப்புகளின்படி செய்து பார்த்து, அது சோயா சாஸைப் போலவே சுவைக்கிறது என்று எழுதினார். சீனத்திற்கும் பக்தாதுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! ஆயினும் தானியம், பூஞ்சை, உப்பு, காலம் ஆகிய நான்கும் கூடினால் ஒரே சுவைதான் பிறக்கிறது.

இதைப் படித்துவிட்டு எவரும் மொட்டை மாடியில் மாவைப் பூஞ்சை பிடிக்க வைத்துவிடாதீர்கள். எந்தப் பூஞ்சை வருகிறது என்பது நம் கையில் இல்லை. நஞ்சு உண்டாக்கும் பூஞ்சைகளும் உண்டு. நமக்குப் பயன்படுவது அக்காலத்தவரின் இன்னொரு வழி. மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்காக, தீயவிட்ட தேனும் கருக வாட்டிய ரொட்டியும் கொண்டு ஒரே நாளில் முர்ரீயைப் போன்ற ஒன்றைக் காய்ச்சும் முறையும் அவர்களிடம் இருந்தது. நொதிக்காமல், நெருப்பைக் கொண்டே நிறத்தையும் ஆழ்ந்த சுவையையும் வரவழைப்பதுதான் அதன் நுட்பம். நாம் சொல்லப்போகும் சாஸும் அவ்வழியில்தான் செல்கிறது.

சோயா சாஸின் சுவையைப் பிரித்துப் பார்த்தால் உப்பு, இலேசான இனிப்பு, இலேசான புளிப்பு, வறுபட்ட மணம், இவற்றுக்கு அடியில் நாவில் தங்கும் ஒரு நிறைவு ஆகியவை தெரியும். அந்த நிறைவைத்தான் உமாமி என்கிறார்கள். 1908ஆம் ஆண்டு கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர், கடற்பாசிச் சாற்றிலிருந்து அதற்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அவருடைய மாணவர் கொடாமா 1913இல், அவித்துப் புகையிட்டு உலர்த்திய சூரை இன மீனில் அதே சுவைக்குத் துணைபோகும் இன்னொரு பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்கு பெருகும். அந்த ஜப்பானிய மீனுக்கு நெருங்கிய உறவு நம்மிடமே இருக்கிறது. மாலத்தீவிலிருந்து வரும் மாசிதான் அது! அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்த சூரை. சம்பலுக்கு இடித்துப் போடும் அதே மாசி. மீன் என்பதால் இரு மத்ஹபினருக்கும் ஆகுமானது. தக்காளியிலும் காளானிலும் குளூட்டமேட் உண்டு. ஆக, தேவையானவை எல்லாம் அடுப்பங்கரைக்கு அருகிலேயே இருக்கின்றன.

இனிச் செய்முறை. வெள்ளைக் காளான் 200 கிராம் எடுத்துத் துடைத்துப் பொடியாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, நன்கு பழுத்த தக்காளி ஒன்று ஆகியவற்றையும் நறுக்கிக்கொள்ளுங்கள். மாசி 25 கிராம் எடுத்துக் கழுவி ஒன்றிரண்டாக இடியுங்கள். அடி கனத்த சட்டியில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றி, முதலில் காளானை மட்டும் போடுங்கள். அது நீர் விடும். அந்த நீர் வற்றும். பிறகு நிறம் மாறத் தொடங்கும். பலர் இங்கேதான் அவசரப்படுவார்கள். நீர் வற்றியதும் அடுத்ததைப் போட்டுவிட்டால் சாஸ் வெளிறிய காளான் ரசமாகிவிடும். காளான் மரப்பட்டை நிறத்திற்கு வரும்வரை பொறுங்கள். பதினைந்து நிமிடங்களாவது ஆகும். பிறகு வெங்காயம், அதுவும் சிவந்த பின் பூண்டு இஞ்சி, கடைசியில் தக்காளி. எல்லாம் சுருண்டு சட்டியின் அடியில் பிடிக்கும்போது மாசியையும் பத்து மிளகையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும். நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன.

சிறு தீயில் நாற்பது நிமிடம் கொதிக்கட்டும், பாதியாக வற்றும். அதற்குள் நெல்லிக்காயளவு பழம்புளியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி 40 கிராம் எடுத்து, சிறிது நீரில் கரைத்து மண் போக வடிகட்டுங்கள். அதை ஓர் இரும்புச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சினால் நுரைத்து, பாகாகி, கருமை ஏறும். கருகல் வாடை எழுவதற்கு ஒரு கணம் முன்பு, காய்ச்சிய சாற்றில் ஒரு கரண்டியை அதில் ஊற்றி நிறுத்துங்கள். சீறித் தெறிக்கும், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இந்தக் கருத்த பாகுதான் சாஸின் நிறத்தைத் தருவது.

பெரிய சட்டியில் உள்ளதைத் துணியில் வடித்து நன்றாகப் பிழியுங்கள். வடித்த சாற்றோடு பாகையும் புளிக்கரைசலையும் சேர்த்து, ஒரு குவளையளவு, அதாவது ஏறக்குறைய 300 மில்லி ஆகும்வரை மீண்டும் வற்றவிடுங்கள். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் வற்ற வற்ற உவர்ப்பு ஏறிவிடும். 25 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி போதும். மாசியிலும் உப்பு இருப்பதால் முக்கால் பங்கு போட்டு நாவில் வைத்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியதும் வெந்நீரில் கழுவி உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிடலாம்.

புளிக்குப் பதில் காடி சேர்ப்பதும் நல்லதே. காடியைச் சிறந்த தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. ஆனால் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகர் வெறும் அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்தது. அதற்குக் கூர்மை உண்டு, மணம் இல்லை. புளியே இந்தச் சாஸுக்கு உடம்பும் நிறமும் தருகிறது என்பது நம் அனுபவம்.

இது சோயா சாஸ்தானா என்று கேட்டால், இல்லை. மாதக்கணக்கில் ஊறியதால் வரும் அந்த மணம் ஒரு மணி நேர நெருப்பில் வராது. தனியாக நக்கிப் பார்ப்பவர் வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சூடான சட்டியில், பூண்டோடும் வெங்காயத்தாளோடும், ஆறவைத்த சோற்றின்மீது ஊற்றிப் புரட்டும்போது அந்த வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும். இரண்டு குவளைச் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி சாஸ். சோற்றுக்கு வேறு உப்பு வேண்டாம். சோற்றின் நடுவில் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் ஊற்றினால், அது சுண்டிக் கருகும்போது ஃபாஸ்ட் ஃபுட் கடையின் வாசனை வரும். இறைச்சியை ஊறவைக்கவும் இதுவே போதும்.

கடைச் சாஸ் அலமாரியில் நிற்பதைப் போல இது நிற்காது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடைச் சாஸில் உப்பு நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கும் மேல் இருக்கும். அதுவே அதைக் காக்கிறது. நம்முடையதில் உப்பு குறைவு. இரத்த அழுத்தம் உள்ள வாப்பாமார்களுக்கு அது ஒரு நன்மை, ஆனால் அலமாரியில் வைக்க முடியாது. குளிர்பெட்டியில் வைத்துப் பத்து நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதிகம் செய்தால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துச் சட்டியில் போடலாம். மீன் ஒவ்வாதவர்கள் மாசியை விட்டுக் காளானை இரட்டிப்பாக்க வேண்டும். சுவை சற்று மெலியும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. சோயா ஆண்மையைக் கெடுக்கும், நஞ்சு, யூதச் சூழ்ச்சி என்றெல்லாம் கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பி, ஒத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அதைத் தடுக்கும் வீடுகள் இருக்கின்றன. இதை நாம் ஏற்கவில்லை. சோயா அல்லாஹ் ஆகுமாக்கிய ஒரு பயறு. இறைச்சி வாங்க இயலாத குடும்பத்திற்கு மலிவான புரதம். ஆகுமானதைத் தாமாகவே விலக்கிக்கொள்வதையும் மார்க்கம் கண்டிக்கிறது. பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். சிறு வயதில் இருந்த ஒவ்வாமை வளர வளர நீங்கிவிடுவதும் உண்டு. அதையும் மருத்துவரின் கண்காணிப்பில்தான் பார்க்க வேண்டும், மாமியின் துணிச்சலில் அன்று. சோயா எண்ணெயைப் பொறுத்தவரை, நன்கு சுத்திகரித்ததில் புரதம் ஏறக்குறைய இருக்காது என்பதால் பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஆகுமா என்பதை அவரிடமே கேளுங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். கேட்பது அவமதிப்பா? விற்பனைக்கு வைத்திருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்ததையும் முஸ்லிம் நூலில் காண்கிறோம். அது வணிகம் பற்றியது என்று சிலர் சொல்லக்கூடும். விலை கொடுத்து வாங்குபவனுக்கே உள்ளே இருப்பதை அறியும் உரிமை உண்டென்றால், நம்மை நம்பிக் கை கழுவி உட்காரும் விருந்தாளிக்கு இல்லையா? தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற அடிப்படை விதியை நாம் மதரஸாவில் இரண்டாம் ஆண்டிலேயே ஓதுகிறோம். அது பத்வாப் புத்தகத்திற்கு மட்டும் உரியதன்று, சமையலறைக்கும் உரியதுதான்.

வைத்ததை உண்ணாமல் இருப்பது விருந்தை இழிவுபடுத்துவதாகும் என்ற எண்ணமும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் ஊரில் இல்லாத உணவு என்பதால் அவர்கள் உண்ணவில்லை. காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதே விரிப்பில் அமர்ந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே உண்டார்கள். உண்ணாதவரை எவரும் வற்புறுத்தவில்லை, உண்டவரை எவரும் தடுக்கவில்லை. விருப்பமின்மைக்கே அவ்வளவு இடம் இருந்தது என்றால், உயிருக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளைக்கு எவ்வளவு இடம் தர வேண்டும்!

சஹனில் நால்வர் சேர்ந்து உண்ணும் நம் பழக்கம் பரக்கத் நிறைந்தது. அதை விட வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒரே தட்டில் நான்கு கைகள் புழங்கும்போது, மஞ்சூரியன் தொட்ட விரல் வெறும் சோற்றையும் தொடும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித்தட்டு வையுங்கள். அதைப் பார்த்து, "என்ன, எங்களோடு உட்கார மாட்டானாமா?" என்று கேலி பேசும் பெரியவர்களை வீட்டுக்காரரே தடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தாயின் தலையில் போடக் கூடாது. அவர் ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறார்.

விருந்து பேசும்போதே பண்டாரியிடம் மூன்று செய்திகளைச் சொல்லிவிடலாம். எந்த அயிட்டத்தில் சோயா சாஸ், எதில் மீல் மேக்கர் என்பதை முன்கூட்டியே சொல்லச் செய்யுங்கள். அழைப்புச் சொல்லும்போது, "உங்கள் வீட்டில் யாருக்கேனும் எதுவும் ஒத்துக்கொள்ளாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலைப் பண்டாரிக்குத் தெரிவியுங்கள். அத்தகைய பிள்ளை வருவதாக இருந்தால், அதற்கான பங்கைச் சாஸ் படாத சுத்தமான சட்டியில், தனிக்கரண்டியால், மற்றவற்றுக்கு முன்பாகவே செய்து மூடி வைக்கச் சொல்லுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிப்பதால், பொரியல் வகைகளுக்கு இது இன்னும் முக்கியம். பண்டாரிகள் இதற்கெல்லாம் சலித்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். அப்படி இல்லை. "முன்னாடியே சொன்னால் செய்யப்போகிறோம், சாப்பிடும்போது சொன்னால்தான் வம்பு" என்றார் ஒருவர்.

பிள்ளையின் வீட்டாரும் வெறுங்கையோடு போக வேண்டாம். உறையவைத்த சாஸில் நாலு கட்டியை ஒரு சிறு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, விருந்து வீட்டு அடுப்படியில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பண்டாரி எல்லோருக்கும் செய்யும் அதே ஃப்ரைட் ரைஸை, அதே முட்டை, அதே கோழியோடு, இந்தச் சாஸை ஊற்றித் தனிச்சட்டியில் புரட்டித் தருவார். முட்டையும் கோழியும் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் என்பதையும், கோழியைச் சாஸில் முன்பே ஊறவைத்துவிடவில்லை என்பதையும் மட்டும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.